உடும்பை விட்டுவிட்டுப் போன ஊர்

முள்ளந்துறையின் சுவர்களுக்கு உடும்புகள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டி போனதற்கும் முதல் பஸ் வந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில். இதை ஞானதிரவியம் எந்தக் கோர்ட்டிலும் ஏறிச் சொல்லத் தயாராக இருந்தார், ஏனென்றால் பால் வாங்கப் புறப்பட்டபோது அவர் வீட்டுத் தெற்குச் சுவர் வெறும் சுவராக இருந்தது, பால் வாங்கித் திரும்பியபோது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தலை மேலே பார்க்க, நான்கு காலும் சுண்ணாம்பில் பதிய, வால் மண்ணைத் தொடாமல் தொங்க, ஓர் உடும்பு அங்கே இருந்தது. அது அசையவில்லை. அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சாணால் அளந்து பார்த்தார், ஒரு சாண்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மத்தியானத்துக்குள் ஊரை இரண்டு முறை சுற்றிவந்து எண்ணி முடித்தார். முள்ளந்துறையில் வீடுகள் ஆயிரத்து நூற்றாறு, உடும்புகள் நானூற்று முப்பத்தொன்று. மார்க்கெட் தெருவில் வரிசையாக எல்லாச் சுவரிலும் இருந்தது, உப்பளத்துக்குப் போகும் சாலையில் மூன்றே மூன்று வீட்டில் இருந்தது, போதகர் வீட்டில் மட்டும் இரண்டு இருந்தது, அதைப் பற்றி அன்று யாரும் சத்தமாகப் பேசவில்லை.

ஊருக்கு உடும்பு புதிதல்ல. ஏழு வருஷமாக அவர்கள் பார்த்துப் பழகியதுதான். மார்க்கெட் மாடியில் ஞானதிரவியம் நடத்திவந்த வீடியோ கேம் கடையில் ஒரு டிவியும் ஒரு மெஷினும் ஒரே ஒரு டிஸ்க்கும் இருந்தன, கப்பல் வேலைக்குப் போகிற ஒருவர் ஏதோ தூரத்துத் துறைமுகத்தில் வாங்கிவந்தது, அதில் வருகிற எழுத்து ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் ஆட்டம் விளங்குவதற்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. ஒரு வெள்ளாடும் ஓர் உடும்பும் கூட்டாளிகள், இரண்டும் சேர்ந்து பள்ளம் தாண்டி, பாறைக்குப் பாறை தாவி, நாற்பது கட்டம் கடந்து ஒரு மலையின் உச்சிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் ஆட்டால் தாவ முடியாத ஒரு செங்குத்தான சுவர் வரும், அங்கே உடும்பு சுவரில் ஒட்டிக்கொள்ள, ஆடு அதன் முதுகில் ஏறி மேலே தாவ, மேலே போன ஆடு திரும்பிக் குனிந்து தன் கொம்பு இரண்டையும் தாழ்த்திக் கொடுக்க, உடும்பு இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஏறிவர வேண்டும். இரண்டு பேர் ஆட வேண்டிய ஆட்டம். உடும்பு கையை நீட்ட இரண்டாவது ரிமோட் வேண்டும், அந்த இரண்டாவது ரிமோட் உப்புக் காற்றில் முதல் மாதமே துருப்பிடித்துப் போனது.

அதனால் முள்ளந்துறைக்காரர்கள் உடும்பை விட்டுவிட்டுப் போனார்கள். முதுகில் மிதித்து ஏறி, திரும்பிப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்கு ஓடினால் ஆட்டம் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் திரையின் நடுவில் ஒரு வரி சிவப்பாக மின்னி மின்னி மறையும். அது ஏதோ சபாஷ் என்கிறது என்று முதல் நாள் யாரோ சொல்ல, அன்றிலிருந்து அந்தச் சிவப்பு வரி வரும்போதெல்லாம் கடையில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். "உடும்ப விட்டுட்டு ஓடுல!" என்று கத்துவது வழக்கமாகி, கடையை விட்டு இறங்கி ஊருக்குள்ளும் போய், பாகம் பிரிப்பதற்கும் கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முந்துவதற்கும்கூட அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். கட்டத்துக்கு ஒரு சீட்டு என்று கிழித்துக் கொடுத்தவர் ஞானதிரவியம், ஆகவே ஏழு வருஷத்தில் எத்தனை முறை உடும்பு விடப்பட்டது என்ற எண் அவரிடம் இருந்தது. அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு.

அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்தது திங்கட்கிழமை சாயங்காலம், அதே கப்பல்காரர் கையில். டிஸ்க்கைப் போட்டதும் பாட்டு இல்லை, மலை இல்லை, தாடி நரைத்த வெள்ளாடு ஒரு சுவரின் அடியில் தனியாக நின்றது. முப்பத்துநான்கு பேர் ஆடிப் பார்த்தார்கள். ஆடு தாவியது, பாதியில் சறுக்கி விழுந்தது, எழுந்து மறுபடி தாவியது. திரையின் மூலையில் ஓர் எண் மட்டும் நின்றது, எண் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் அதை எல்லாரும் படித்தார்கள், ஆனால் அது என்ன எண் என்று ஒருவருக்குத்தான் தெரியும். ஞானதிரவியம் சீட்டுக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெஷினை நிறுத்தி, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். மறுநாள் காலைதான் செவ்வாய்க்கிழமை.

முதல் வாரம் ஊர் அதைத் தாங்கிக்கொண்டது. கம்பால் நெம்பினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், மிளகாய்ப் புகை போட்டார்கள், உடும்புகள் கண்ணைக்கூட மூடவில்லை. வனத்துறையிலிருந்து வந்தவர் ஒவ்வொரு சுவராகப் பார்த்து, உடும்பைத் தொட்டால் ஜாமீனில் வர முடியாத கேஸ் என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு பெண்கள் வாலில் பால் பையை மாட்டினார்கள், குழந்தைகள் முதுகுச் செதிலை எண்ணிப் படித்தார்கள், வெள்ளையடிக்க வந்தவர்கள் உடும்பைச் சுற்றிக் கோடு போட்டு அடித்தார்கள். அந்தக் கோட்டினால்தான் விஷயம் வெளிப்பட்டது, ஏனென்றால் மறுநாள் உடும்பு கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது, அதற்கடுத்த நாள் இரண்டு சாண்.

"நாளைக்கு ஒரு சாண்," என்றார் ஞானதிரவியம். அவருக்கு அது முதல் நாளே தெரியும்.

"அண்ணாச்சி, உச்சிக்குப் போனா என்ன செய்யும்?" என்று கேட்டார் டீக்கடை தேவசகாயம்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் எண்ணத்தான் செய்வேன்."

ஊரிலேயே உயரம் குறைந்த சுவர் ஐஸ் கம்பெனி ஜெபராஜ் வீட்டுச் சுவர், ஒன்பது சாண். ஒன்பதாம் நாள் புதன்கிழமை காலை உடும்பு விளிம்பைத் தொட்டது, திரும்பிக் கீழே ஒரு முறை பார்த்தது, இறங்கி மேற்கே மலை இருக்கும் திக்கில் ரோட்டோரமாக நடந்து போய்விட்டது. அதே நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெபராஜ் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்து, அந்தச் சுவரில் முகம் பதித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி உள்ளங்கையை ஒட்டிக்கொண்டு நின்றார். ஆறு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. பேச்சு இருந்தது, மூச்சு இருந்தது, பசி இருந்தது. கை மட்டும் சுவரோடு சுவராக இருந்தது. மூன்றாம் நாள் அவருடைய அண்ணன், சின்ன வயதில் கம்பெனியிலிருந்து ஒதுக்கப்பட்டு, பின்கட்டில் தையல் மெஷின் ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தவர், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சுவரில் ஏறி உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கையையும் நீட்டினார். ஜெபராஜின் கைகள் சுவரிலிருந்து கழன்று அந்தக் கைகளைப் பற்றின. இறங்கியதும் இரண்டு பேரும் ஐஸ் கம்பெனிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள் என்று கேள்வி.

அதன்பிறகு சொல்லித்தர ஆள் வேண்டியிருக்கவில்லை. ஒருவரை மிதித்து ஒருவர் ஏறிய வீட்டில்தான் உடும்பு இருக்கிறது, ஏறியவர்தான் சுவருக்குப் போகிறார், மிதிபட்டவர் மேலே ஏறி இரண்டு கையும் கொடுத்தால்தான் வருகிறார். கொடுத்தவர்களும் இருந்தார்கள், கொடுக்காதவர்கள் அதிகம். சவுண்ட் சர்வீஸ் மதியழகன் கதை வேறு, அவருடைய கூட்டாளி கடலில் போய்ப் பதினோரு வருஷம், மேலிருந்து கை கொடுக்க ஆளே இல்லை, அவர் மார்க்கெட் சுவரில் நிரந்தரமாக நின்றார், காய்கறி வாங்க வந்தவர்கள் போகிற போக்கில் அவர் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனார்கள்.

சுவரில் இருப்பவர்களை ஊர் தன் நடைமுறைக்குள் சேர்த்துக்கொண்டது. வார்டு மெம்பர் பேச்சித்தாய் சுவருக்கு ஒரு தார்ப்பாய் ஏற்பாடு செய்தாள். நாவிதர் ஏணியோடு வந்து சவரம் செய்தார். ரேஷன் கடையில் கைரேகை வைக்க முடியாதவர்களுக்குக் கண் பார்க்கிற மெஷினைத் தெருத் தெருவாக எடுத்துவந்தார்கள். போதகர் வடக்குச் சுவரில் நின்றபடியே பிரசங்கம் செய்தார், முகம் சுவரைப் பார்த்து இருந்ததால் குரல் கொஞ்சம் அமுங்கி வந்தது, முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சபையார் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயருக்குப் பின்னால் 'சுவர்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்கள்.

வேறொரு வழியையும் சிலர் கண்டுபிடித்தார்கள். மிதிபட்டவரை ஊரை விட்டு அனுப்பிவிட்டால் சுவருக்குப் போக வேண்டியதில்லை. உடும்பு உச்சியைத் தொட்ட நாளில் அந்த ஆள் ஊருக்குள் இல்லையென்றால் அது திரும்பி இறங்கி, மறுபடி முதல் சாணிலிருந்து ஆரம்பித்தது. ஆனால் அடுத்த காலையில் அதன் பக்கத்தில் இன்னொரு உடும்பு இருந்தது. ஆனாலும் நாள் கிடைத்ததே என்று பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது, தம்பிகளும் முதல் மனைவிகளும் பங்கை இழந்த பழைய கூட்டாளிகளும் மூட்டையோடு ஏறினார்கள், ஏற்றிவிட வந்தவர்கள் ஜன்னல் பக்கம் பார்க்காமல் நின்றார்கள்.

ஞானதிரவியம் வீட்டுச் சுவர் பத்தொன்பது சாண். வீட்டில் இருந்தது இரண்டே பேர், அவரும் அவர் தங்கை செல்லக்கனியும். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"ஒங்க வீட்ல இன்னைக்கு எத்தனாவது சாண் அண்ணாச்சி?" என்று தேவசகாயம் தினமும் கேட்டார்.

"பன்னெண்டு."

"இன்னும் ஏழு நாள் கெடக்குல்லா. எதுக்குப் பயப்படுதிய?"

"நான் எங்கவே பயந்தேன்?"

"அப்போ டீயை ஏன் சட்டையில ஊத்துதிய?"

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவர்களுடைய அப்பா, உப்புக் கம்பெனியில் எடை குமாஸ்தாவாக இருந்தவர், எடை மேடையிலேயே மயங்கி விழுந்து செத்தார். வாரிசுக்கு வேலை உண்டு, ஆனால் ஒரே ஒரு வாரிசுக்கு. கனி அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருந்தாள், ஞானதிரவியம் ஒன்பதில் நின்றவர். மற்ற வாரிசு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கம்பெனி வாசலில் மேசை இல்லாததால் அவர் காகிதத்தைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார், கனி எட்டிக் கையை உயர்த்திக் கையெழுத்துப் போட்டாள், அழகான கையெழுத்து. மறுமாதம் அவர் எடை மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தார், கனி அதே கம்பெனியின் பாத்தியில் உப்புக் கூடை சுமக்கப் போனாள். முப்பது வருஷம் அவள் தலையில் வந்த கூடைகளை அவரே எண்ணினார், ஒரு கூடைகூட விட்டுப்போகாமல் எண்ணினார். தான் செய்தது அதுதான் என்றும் அது நேர்மையானது என்றும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கனி ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பதினாறாம் சாணில், சோறு போட்டு முடிந்ததும், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கனி, மதுரையில சின்னம்ம வீட்டுக்குப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வாயேன்."

"சின்னம்ம செத்து ஆறு வருசமாச்சேண்ணே."

"அவ மக இருக்கால்லா. ஒன்னய ரொம்பத் தேடுதாளாம்."

"அவளுக்கு என் பேரு தெரியுமா?"

அவர் தட்டின் ஓரத்துச் சோற்றை நடுவில் ஒதுக்கினார்.

"டிக்கெட் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"எத்தன?"

வாழ்க்கையில் எந்த எண்ணையும் கேட்டவுடன் சொல்லிப் பழகிய மனிதருக்கு இதைச் சொல்ல வெகுநேரம் ஆனது. "ஒண்ணு," என்றார்.

கனி சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, வேடிக்கை பார்க்கிறவர் சிரிப்பு. "அன்னைக்கும் ஒண்ணு, இன்னைக்கும் ஒண்ணு. ஒனக்கு ரெண்டுன்னு ஒரு எண்ணு இருக்கதே தெரியாதாண்ணே?" டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்குக் கீழே வைத்தாள். மேசை ஆடுவது நின்றது. "நான் எங்கயும் போகல. எனக்கு இங்க சோலி கெடக்கு."

"அப்போ கை குடுப்பியா?"

"அதெ அன்னைக்குப் பாப்போம்."

அந்த மூன்று நாளும் அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், முப்பத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அந்த முகத்தைத் தனக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டார். அவள் வழக்கம்போல வாசல் தெளித்தாள், வழக்கம்போல மீன் கழுவினாள், வழக்கம்போல சுவரைத் தாண்டிப் போகும்போது உடும்பை நிமிர்ந்து பார்த்து, நெடுநாள் பழகிய ஒருவருக்குத் தலையசைப்பதுபோல அசைத்துவிட்டுப் போனாள்.

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. பால் வண்டி வந்து போனது. ஞானதிரவியம் சுவருக்கு எதிர்ப்பக்கம், தெருவின் நடுவில், இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உடும்பு விளிம்பில் கை வைத்தது. திரும்பிக் கீழே அவரைப் பார்த்தது, அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பிறகு அது இறங்கி மேற்கே போனது, அவருடைய கால்கள் அவரைக் கேட்காமல் தெருவைக் கடந்தன, கைகள் கக்கத்திலிருந்து வெளியே வந்து மேலே போயின, உள்ளங்கைகள் ஈரச் சுண்ணாம்பில் அமுங்குவதுபோலச் சுவரில் அமுங்கின, மூக்கு சுவரில் இடித்தது.

ஊர் கூடிவிட்டது. பேச்சித்தாய் தார்ப்பாயோடு வந்தாள்.

"அண்ணாச்சி, தெற்குச் சுவரு, காத்து நல்லா வரும். யோகந்தான் ஒங்களுக்கு," என்றாள். பிறகு மாடியைப் பார்த்து, "யக்கா, ரெண்டு கையையும் குடுத்துத் தூக்கி விட்டுருங்க! போதகரு வீட்டுல மாதிரி நாள்கணக்கா யோசிச்சுக்கிட்டு இருக்காதிய," என்று கத்தினாள்.

கனி மாடிக்கு வந்திருந்தாள். தலை சீவி, பின்னி, கோயிலுக்குப் போகிற சேலை கட்டியிருந்தாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ஜன்னலுக்கு மேலே நீட்டியிருந்த சன்ஷேடில் இறங்கிக் குப்புறப் படுத்து, அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்காண்ணே?"

"வலிக்கல. குளுருது."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். பெறவு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு அவள் வலது கையைக் கீழே நீட்டினாள். உப்புத் தண்ணீர் வெடிக்கவைத்து, வெடித்தது காய்த்து, காய்த்தது மறுபடி வெடித்த கை. அந்த விரல்கள் தொட்டதும் ஞானதிரவியத்தின் வலது கை சுவரிலிருந்து கழன்றது, அவர் அதைப் பற்றினார், இவ்வளவு பலமாக எதையும் அவர் பற்றியதில்லை, பற்றிக்கொண்டு அவள் இடது கைக்காகப் பார்த்தார். கூட்டம் முழுவதும் அந்த இடது கைக்காகப் பார்த்தது. அது வரவில்லை.

"இன்னொண்ணு?" என்றார்.

"அது எனக்கு வேணும்."

"கனி."

"ஒரு கை குடுத்திருக்கேன்லா. நீயா அள்ளிச் சாப்பிடலாம், மூக்கச் சொறியலாம். யாரு கையையும் எதிர்பார்க்க வேண்டாம்." அவள் பேச்சில் கோபம் இல்லை. "கடைச் சாவி ஒன் மடியிலதான் இருக்கும். எடு."

அவர் அந்தக் கையை விட்டார், மடியைத் தடவினார், சாவியை எடுத்து மேலே நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ கைதட்டி, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

பேச்சித்தாய் தார்ப்பாயைக் கட்டினாள். தேவசகாயம் ஒரு டீ கொண்டுவந்து வலது கையில் கொடுத்துவிட்டுப் போனார். தெரு காலியான பிறகு கனி மாடியிலிருந்து இறங்கி, கதவைப் பூட்டி, அவருக்குப் பின்னால் வந்து நின்று, அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள்.

"கடையத் தொறக்கப் போறேன். மத்தியானம் சோறு கொண்டாந்து தாரேன்."

"மத்த கையி எப்பம்மா?"

"பாப்போம்," என்று சொல்லி நடந்தாள்.

அவள் போவதைப் பார்க்க அவர் கழுத்தைத் திருப்பி, தோளுக்குக் கீழே கண்ணைத் தாழ்த்தினார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தலை மேலே பார்க்க, புதிதாக ஓர் உடும்பு இருந்தது. இந்த வீட்டில் அவர் ஏற்கெனவே சுவரில் இருந்தார், இந்த முறை விடப்பட்டவரும் அவர்தான். இது யாருக்கு என்று எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நாள் காலை அவளும் இதே சுவருக்கு வருவாள், அவளுக்கு மேலிருந்து இரண்டு கை கொடுக்க வேண்டியவரிடம் ஒரு கைதான் இருக்கும், அதுவும் கீழே இருக்கும்.

கனி இன்னும் தெரு முனையைத் தாண்டவில்லை. சாவியைச் சேலை நுனியில் முடிந்துகொண்டு, அவசரமில்லாமல், அந்தத் தெருவில் இதற்கு முன் நடந்தேயிராதவள்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு சத்தம் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். ஞானதிரவியம் கூப்பிட வாயைத் திறந்தார், பத்தொன்பது நாள் இருக்கிறதே என்று தோன்றியது, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் முனை திரும்பும்வரை பேசாமல் நின்றார்.